வாங்கு, காய வை, பழசாக்கு: அக்காவின் டிப்ஸ்

தனிக் குடித்தனம் போன தங்கச்சிகள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, பழைய அரிசி, பழைய புளின்னு கடையில விலை கூட்டிச் சொல்றாங்க. வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் புதுச் சரக்கை நல்லதாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே பழசாக்குவது அதைவிட நல்லது. அடையாறு ஃப்ளாட்டில் ஒரு பால்கனியும் சமையலறையில் ஒரு தட்டும் இருந்தால் போதும். எது எத்தனை நாள் இருந்தது, எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். கடையில் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது.

முதல் வருஷத்துக்கு நாலே பொருள் போதும்: புளி, அரிசி, வடுமாங்காய், உப்பு நார்த்தங்காய்.

எது பழசாகும், எது கெட்டுப்போகும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் மொத்தமாக வாங்காதே. புளியிலும் ஊறுகாயிலும் புளிப்பும் உப்பும் காவல் இருக்கின்றன. அரிசிக்கு ஈரமில்லாததே காவல். அதனால் இவை தாங்கும். எண்ணெய்ச் சத்து உள்ளவை காறிப்போகும். கைக்குத்தல் அரிசியில் தவிடு ஒட்டியிருக்கும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அதனால் அதைப் பழசாக்க முடியாது, மாதாமாதம் வாங்கு. துவரம்பருப்பு பழசானால் குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் நறுக்கென்றே நிற்கும். காபிப் பொடி, சாம்பார் பொடி, நல்லெண்ணெய் இவற்றுக்கெல்லாம் வாசனைதான் உயிர். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருகிற காபிக் கடைகள் இருக்கும்போது கால் கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

புளி: மாசி, பங்குனியில் வாங்கு

மரத்திலிருந்து புளி இறங்குவது ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் புளி அப்போது சென்னைக் கடைகளில் வந்து குவியும். கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகம் புளிக்குத் தனி மதிப்பு உண்டு. மற்ற மாதங்களில் 'புதுப் புளி' என்று வருவதில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவது. அது சமையலுக்கு ஆகும், பழசாக்குவதற்கு வேண்டாம்.

கடையில் ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார். சதை தடிப்பாக, லேசான மெத்தென்ற பதத்தில் இருக்க வேண்டும். விரலில் ஈரம் பிசுபிசுத்தால் எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கலாம், வைத்துவிடு. நிறம் செம்பழுப்பாக இருக்கட்டும்; கறுப்பு நம் வீட்டில் வரட்டும். கொட்டையோடு விலை மலிவாகத் தெரியும், ஆனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டையே போய்விடும். இரண்டு விலையையும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கு.

கொட்டை, நார், ஓட்டுத் துணுக்கு எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வை. ஆறிய பிறகு, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல் உப்பு என்று அடுக்கடுக்காகத் தூவி, காற்று இடைவெளி இல்லாமல் அமுக்கி ஜாடியில் வை. ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும். ஒரு வருஷத்தில் கருமை ஏறி, புளிப்பின் கூர்மை தணிந்து, ரசத்தில் ஒரு ஆழம் வரும். வற்றல் குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் அதுதான் சரி. எலுமிச்சை மஞ்சளில் இருக்க வேண்டிய சாம்பாருக்குப் புதுப் புளியே நல்லது. பழசு போட்டால் நிறம் கறுக்கும்.

அரிசி: தையில் வாங்கு, ஆடிக்குப் பிறகு திற

சம்பா அறுவடை அரிசி தை, மாசியில் வரும். புது அரிசியை வடித்தால் குழையும், ஒன்றோடொன்று ஒட்டும். மாதங்கள் போகப் போக அரிசிக்குள் இருக்கிற மாவுச்சத்தும் புரதமும் இறுகி, வேகும்போது தண்ணீரைக் கூடுதலாக இழுத்து, சோறு பூத்து உதிரும். அதனால்தான் பாஸ்மதியையும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வைத்திருந்து விற்கிறார்கள். ஜப்பானில் இதற்கு நேர்மாறு. அங்கே சோறு பசையாக ஒட்ட வேண்டும், அதனால் அறுத்த கையோடு வரும் புது அரிசிக்குத்தான் மவுசு. நமக்கும் சர்க்கரைப் பொங்கலுக்குப் புதுப் பச்சரிசிதான் வேண்டும். ஆகவே எல்லா அரிசியையும் பழசாக்காதே. சாதத்துக்கும் புளியோதரைக்கும் பிரியாணிக்கும் ஆனதை மட்டும் வை.

அரிசி மண்டியில் 'பழசு' என்று சொன்னால் நாலு மணியை வாயில் போட்டுக் கடி. பழைய அரிசி 'படக்'கென்று உடையும். புதுசு பல்லில் மாவாக ஒட்டும். நிறத்தையும் பார்: பழசு லேசாகப் பழுப்பேறி, உலர்ந்து இருக்கும், புதுசு பளிச்சென்று வெளுத்திருக்கும். பையில் அச்சடித்திருக்கும் மாதம் பாக்கிங் மாதம், அறுவடை மாதம் இல்லை என்பதை மறக்காதே. எந்த மூட்டையாக இருந்தாலும் முதலில் அரைக் கிலோ வாங்கி வடித்துப் பார். பிடித்தால் அதே மூட்டையிலிருந்தே மீதியை எடு.

ஆரம்பத்தில் 25 கிலோ சிப்பம் வேண்டாம். பொன்னி பச்சரிசியோ கிச்சிலிச் சம்பாவோ 5 கிலோ போதும். நிழலில் ஒரு நாள் உலர்த்து. சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி வெடித்துக் குருணையாகும். ஃப்ரீசரில் இடம் இருந்தால், சின்னச் சின்னப் பைகளாக நாலைந்து நாள் வைத்து எடு. வண்டின் முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவில் கொட்டு, இல்லாவிட்டால் பனித்தண்ணீர் கோத்துக்கொள்ளும். துணியில் முடிந்த வசம்பு இரண்டு துண்டு உள்ளே போடு. கச்சேரி ரோட்டில் இருக்கிற டப்பா செட்டி கடை மாதிரி பழைய நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல வசம்பு கிடைக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து வடி. புது அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்றால், இதற்கு இரண்டரையிலிருந்து மூன்று வரை கேட்கும்.

வடுவும் நார்த்தங்காயும்

மாசி, பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கூடையில் வடு வந்து உட்கார்ந்துவிடும். காம்போடு இருப்பதையே கேள். காம்பு போன இடத்தில் அடிபட்டுக் கறுத்திருந்தால் அந்த ஒன்றே ஜாடி முழுவதையும் கெடுக்கும். அளவு ஒரே சீராக இருக்கட்டும். கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவு. தோல் சீக்கிரம் மசியாது. ஓராண்டு நிற்க வேண்டுமானால் கல் உப்பு 200 கிராம் வரை போடலாம். தினமும் ஒரு முறை குலுக்கு. வடு சுருங்கித் தண்ணீர் விட்ட பிறகு, கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடி சேர். வடு எப்போதும் அந்தத் தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும்.

உப்பு நார்த்தங்காய்க்குப் பொறுமைதான் முதலீடு. காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் அடைத்து ஊற வை. பகலில் வெயில், இரவில் அதே உப்புத் தண்ணீர் என்று தண்ணீர் வற்றும்வரை செய். பிறகு சுக்காக உலர்த்து. இது வருஷக் கணக்கில் இருக்கும். இருக்க இருக்கக் கறுத்து, கசப்பு அடங்கும். தெற்குச் சீனாவின் ஷின்ஹுய் ஊரில் ஆரஞ்சு இனப் பழத்தோலை உலர்த்தி, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் வைத்த பிறகே 'சென்பி' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். நம் நார்த்தங்காயும் அதே அருமை உடையது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் சின்னத் துண்டாகக் கொடு.

ஜாடியும் சென்னை ஈரமும்

புளிக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் அல்லது கண்ணாடிதான். அலுமினியம், பித்தளை கூடவே கூடாது; உப்பும் புளியும் சேர்ந்தால் எவர்சில்வரையும் அரிக்கும். உஸ்மான் ரோட்டிலோ மாட வீதியிலோ ஜாடி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார். கணீரென்று ஒலித்தால் எடு. சத்தம் மங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. வீட்டில் ஒரு இரவு தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து வை. தாள் நனைந்திருந்தால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடு.

சென்னைக்குக் கடற்காற்று உண்டு. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் உப்பு டப்பாவே கசியும். ஆகவே வெயில் வேலை எல்லாம் கத்திரிக்குள் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிய ஜாடியைத் திறக்காதே. முன்கூட்டியே சின்னப் பாட்டிலில் இரண்டு மாதத்துக்கு எடுத்து வைத்துக்கொள். மழை விட்ட பிறகு, தையில் ஒரு முறை புளிக்கும் நார்த்தங்காய்க்கும் வெயில் காட்டு.

மேலே வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாமல் தொட்டுப் பார். நறநறவென்றால் உப்புப் பூத்தது; அது நல்லதே. பஞ்சாக, ரோமமாக இருந்தால் பூஞ்சை. அதை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதே, முழுவதும் போகட்டும்.

முதல் வருஷப் பட்டியல்

புளி 2 கிலோ, அரிசி 5 கிலோ, வடு 1 கிலோ, நார்த்தங்காய் ஆறு. இவ்வளவே போதும். ஒவ்வொன்றிலும் மாதம், கடை, விலை எழுதி ஒட்டு. அடுத்த மாசியில் புதுப் புளி வந்ததும், கொஞ்சம் வாங்கி ஒரே நாளில் இரண்டு ரசம் வை, ஒன்று புதுசில், ஒன்று உன் ஜாடியில் இருந்து. வீட்டில் இருப்பவர்களைக் குடிக்கச் சொல். எந்த ரசம் முதலில் தீர்கிறதோ, அதை வைத்து அடுத்த வருஷ அளவை முடிவு செய்.