கேன்சர் வந்தவருக்குச் சர்க்கரையை நிறுத்தலாமா?

"எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல கேன்சர். கீமோதெரபி நடக்குது. கேன்சர் சர்க்கரையைத் தின்னுதான் வளருதாமே! அதனால டீயில சர்க்கரை கிடையாது, சோறும் பாதிதான். ஆளு ரொம்ப இளைச்சுப் போயிட்டாரு. நாங்க செய்யறது சரியா?"

ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு பஸ் ஏறுகிற எத்தனையோ குடும்பங்களுக்கு வருகிற சந்தேகம்தான் இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து!

உண்மை எது?

கேன்சர் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். 1920-களிலேயே இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். சாதாரண செல், ஆக்ஸிஜன் உதவியோடு குளுக்கோஸை முழுசாக எரித்துவிடும். ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.டி.பி. என்கிற சக்தித் துணுக்குகள் கிடைக்கும். பல கேன்சர் செல்களோ, ஆக்ஸிஜன் இருந்தாலும் பெரும்பகுதி குளுக்கோஸை அரைகுறையாகவே உடைத்து லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகின்றன. அதில் கிடைப்பது இரண்டே ஏ.டி.பி! ஆனால், புதுப்புது செல்களைக் கட்டத் தேவையான மூலப்பொருள் இந்த வழியில் வேகமாகக் கிடைக்கிறது. அதனால்தான் அந்த அகோரப் பசி.

வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற 'பெட் ஸ்கேன்' இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. லேசான கதிரியக்கமுள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். அதை அதிகமாக இழுக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

செல்லுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது?

ஜீன்களை ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தே மாறிப்போனால் அது 'மியூட்டேஷன்'. எழுத்து அப்படியே இருக்க, இரண்டு பக்கங்களைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டிவிட்டால்? குறிப்பு இருக்கும், படிக்க முடியாது. இதுதான் 'எபிஜெனடிக்' மாற்றம். இங்கே பசையாக இருப்பது மெத்தில் என்கிற சின்ன ரசாயனத் துணுக்கு.

எஃப்.பி.பி.1 என்று ஒரு ஜீன். சர்க்கரை உடைபடும் வேகத்துக்கு அது பிரேக் மாதிரி. இரைப்பை, கல்லீரல் கேன்சர்கள் பலவற்றில் இந்தப் பக்கம் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பிரேக் போச்சு! சிலவகை சிறுநீரகக் கேன்சரில் வி.ஹெச்.எல். ஜீன் இப்படி வாயடைத்துப் போகிறது. உடனே, சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் செல்லின் மேல் பெருகிவிடுகின்றன.

ஒட்டியதைப் பிரிக்கவும் முடியும் என்பதுதான் ஆறுதல். அஸாசிடிடின், டெசிடபின் என்ற மருந்துகள் சிலவகை ரத்த நோய்களுக்கு இப்போதே பயன்படுகின்றன.

தோல் ஷாப்காரர்கள் கவனிக்க!

தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூவிணைதிற குரோமியம். ஆனால் ஆறிணைதிற குரோமியம் நுரையீரல் கேன்சரை உண்டாக்கும் என்பது உறுதியானது. ஜப்பானில் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளில், செல்லைக் காவல் காக்கும் ஜீன்கள் மெத்தில் பசையால் மூடிக்கிடந்தன. தோல் தூசியும் மூக்கு, சைனஸ் கேன்சருக்குக் காரணமாகலாம். பஃபிங் வேலையில் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கில் ரத்தம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். பீடி வேண்டவே வேண்டாம்.

அப்போ சர்க்கரையை நிறுத்தினால்?

கேன்சர் பட்டினி கிடக்காது! நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுபோகாது. கல்லீரல், உடம்பின் தசையைக் கரைத்தாவது அதைத் தயாரித்துவிடும். கட்டிக்குத் தீனி கிடைத்துவிடும், இளைப்பது நோயாளிதான். எடை ரொம்பக் குறைந்தால் கீமோவைத் தள்ளிப்போடவோ, அளவைக் குறைக்கவோ நேரிடலாம்.

ஆகவே,

* சோறு, இட்லி, கஞ்சியை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.
* முட்டை, பருப்பு, தயிர், மீன் சேருங்கள்.
* சர்க்கரை நோயும் இருந்தால் டாக்டர் சொன்ன கட்டுப்பாடு அவசியம்.
* பெட் ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது. அது படம் தெளிவாக விழ, வைத்தியத்துக்காக அல்ல.
* வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் உடனே டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் சொல்லுங்கள்.

அந்த டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுங்கள், சகோதரி. நோயோடு போராட அவருக்குத் தெம்பு வேண்டும்!