வலி இடம் மாறினால் கவனம் தேவை

பெருங்குடலின் தொடக்கத்தில், வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் விரல்போல் தொங்கும் குடல்வாலின் உட்குழல், இறுகிய மலத்துணுக்காலோ நிணநீர்த் திசுக்களின் வீக்கத்தாலோ அடைபட, உள்ளே கிருமிகள் பெருகி அது வீங்குவதே குடல்வால் அழற்சி எனப்படுகிறது. தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும் வலி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து கூர்மையடைவதும், பசி அற்றுப்போவதும், குமட்டலும் இலேசான காய்ச்சலும் சேர்வதும் இதன் வழக்கமான போக்கு. இருமும்போதோ, வாகனம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதோ அவ்விடம் சுரீரென்று வலிப்பது கவனிக்கத்தக்க அடையாளம். குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இவ்வரிசை பிறழக்கூடும்.

வாயுத்தொல்லை என்று கருதிப் பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ கொடுப்பது, வீடுகளில் இன்னும் மறையாத வழக்கமாயினும், வீங்கிய குடல்வால் வெடிக்க ஏதுவாகலாம் என்பதால் அறவே தவிர்க்கத்தக்கது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறு வேண்டியிருக்கும் என்பதால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் பார்க்கும்வரை உணவும் நீரும் தராதிருப்பதே நன்று. கடும் வலி திடீரெனத் தணிந்தால், குடல்வால் வெடித்திருக்கவும் கூடும் என்று ஐயுற வேண்டும்.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றால் உறுதிசெய்தபின், சிறு துளைகளின் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் குடல்வாலை அகற்றுவதே பெரும்பாலோருக்கான சிகிச்சை; சிக்கலற்ற சிலருக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளே போதுமானாலும், அழற்சி மீண்டும் தலைகாட்டும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு.