திமிங்கிலம் மூச்சு வாங்கும் நேரம்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

திமிங்கிலம் என்னும் சொல்லுக்கே சுவையான வரலாறு ஒன்று உண்டு. ‘திமி’ என்பது கடலில் வாழும் மாபெரும் மீன் என்றும், அந்தத் திமியையே விழுங்க வல்லது திமிங்கிலம் என்றும் வடமொழி வழக்கு கூறும். அதையும் விழுங்குவதற்குத் திமிங்கிலகிலம் என்று ஒன்றைப் படைத்து, விழுங்குவதற்கு மேல் விழுங்குவதாக அடுக்கிச் சென்றது பழையோர் கற்பனை. விலங்கியல் கூறும் செய்தி இதற்கு நேர் மாறானது. உலகில் இதுவரை வாழ்ந்த உயிர்களுள் மிகப் பெரியதாகக் கருதப்படும் நீலத் திமிங்கிலம் மீன் அன்று. அதனால் பெரிய மீன் எதையும் விழுங்கவும் இயலாது. அதன் வாய் ஓர் அறையளவு பெரிதாயினும் தொண்டை குறுகியது. விரல் நீளத்துக்கும் குறைந்த இறாலினச் சிற்றுயிர்களை நீரோடு அள்ளி, வாயிலுள்ள சல்லடையால் வடித்து உண்டே அது தன் பேருடலை வளர்க்கிறது.

நம்மில் பெரும்பாலோர் அறிந்த திமிங்கிலம் இறந்த திமிங்கிலமே. எழும்பூர் அருங்காட்சியகத்து எலும்புக்கூடு, கரையொதுங்கிய உடலைச் சூழ்ந்து மக்கள் நிற்கும் நாளிதழ்ப் படம், இவையே நம் அறிவின் எல்லை. மணப்பாடு கடற்கரையில் 1973 ஜனவரியில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் அதே கடற்கரைப் பகுதியில் அவ்வாறே மீண்டும் நிகழ்ந்தது. அப்போதும் நாம் கண்டது சாவையே அன்றி வாழ்வை அன்று.

உயிருள்ள திமிங்கிலத்தை அதன் வீட்டிலேயே காணும் வாய்ப்பு எனக்குச் சென்ற கோடை விடுமுறையில் கிட்டியது. இலங்கையின் திருகோணமலையில் என் தாய்மாமன் குடும்பம் வாழ்கிறது. அங்கிருந்து ஒரு சிறு படகில் கடலுக்குச் சென்று வந்தேன். அன்று கண்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் இணைத்து, திமிங்கிலத்தை எவ்வாறு காண்பது என்னும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் இங்கே எழுத முனைகிறேன்.

திருகோணமலையின் சிறப்பு

நமக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணை மிக ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழமும் இல்லாதது. ஆனால் திருகோணமலையின் நிலை வேறு. அங்கே துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆழ்கடலை நோக்கிச் சரிந்து செல்கிறது. ஆகையால் வேறிடங்களில் நெடுந்தொலைவு சென்றால் மட்டுமே கிடைக்கும் ஆழம் அங்கே கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. மகாவலி கங்கையும் அருகிலுள்ள கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆழமும் உணவும் ஒருங்கே அமைந்த இடத்தைத் திமிங்கிலம் நாடுவதில் வியப்பில்லை. திருக்கோணேச்சரம் அமைந்துள்ள சுவாமிமலைக் குன்றின் உச்சியில் நின்றே, கடலில் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில் திமிங்கிலத்தைக் காணக் கூடிய ஊர் உலகில் எத்தனை இருக்கும்!

இப்பகுதி நீலத் திமிங்கிலங்களுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பிற பெருங்கடல்களில் வாழும் நீலத் திமிங்கிலங்களுள் பல, கோடையில் துருவக் கடல்களுக்கு உணவு தேடிச் சென்று, குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்குத் திரும்புகின்றன. இந்தியப் பெருங்கடலின் வட பகுதியையோ ஆசியாவின் நிலப்பரப்பு அடைத்து நிற்கிறது. இங்கு வாழும் திமிங்கிலங்கள் ஆண்டு முழுதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றைப் ‘பலீனோப்டெரா மஸ்குலஸ் இண்டிகா’ எனத் தனித் துணையினமாகவே அறிஞர் குறிப்பர். அண்டார்டிக் கடலிலுள்ள தம் உறவினத்தை விட இவை உருவில் சற்றுச் சிறியவை.

படகில் ஒரு காலை

காலை ஆறு மணிக்கு முன்பே உப்புவெளிக் கடற்கரையிலிருந்து புறப்பட்டோம். மீன்பிடிக்கப் பயன்படும் பைபர் படகு; பின்புறம் ஒரு எஞ்சின்; பயணிகள் அறுவர்; படகோட்டி அண்ணனும் அவருக்கு உதவியாக ஒரு பையனும். அனைவரும் லைப் ஜாக்கெட் அணிந்தோம். கடல் மயக்கம் வராதிருக்க, மாமி தந்தனுப்பிய இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். காலை வேளையில் காற்று குறைவு. நீர் எண்ணெய் பூசியது போல் மழமழவென்றிருந்தது. இத்தகைய நீரில்தான் தொலைவிலுள்ள மூச்சும் கண்ணுக்குத் தெரியும் என்றார் படகோட்டி.

அரை மணி நேரத்தில் முதலில் தென்பட்டவை ஓங்கில்கள். டால்பின் என்று நாம் பாடநூலில் படிப்பதையே நம் மீனவர் ஓங்கில் என்பர். அவை சுழல் ஓங்கில்கள். நூற்றுக்குக் குறையாத கூட்டம். நீரிலிருந்து எழும்பி, பம்பரம் போலத் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் விழுந்தன. படகிலிருந்த குழந்தை கை கொட்டிச் சிரித்தது.

அந்தக் காட்சியின் பின்னுள்ள ஓர் உண்மையை இங்கே கூற வேண்டும். சுழல் ஓங்கில்கள் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுபவை. பகலில் ஓய்வு கொள்பவை. உறங்கும்போதும் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டுமாதலால், ஓங்கில்கள் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறு பாதியை விழித்திருக்கச் செய்கின்றன. பயணப் படகுகள் செல்லும் நேரமோ பகல். எனவேதான் ஹவாய்த் தீவுகளில் சுழல் ஓங்கில்களை 50 கஜத்துக்குள் நெருங்கலாகாது என்று 2021ஆம் ஆண்டு அமெரிக்க அரசு விதி செய்தது.

மூச்சே அடையாளம்

ஓங்கில்களைக் கடந்து மேலும் கிழக்கே சென்றோம். உதவியாளப் பையன் திடீரென்று கை நீட்டினான். தொலைவில் ஒரு வெண்ணிறத் தூண் எழுந்து கலைந்தது. திமிங்கிலம் தண்ணீரைப் பீய்ச்சுவதாகச் சிறுவர் படங்களில் காண்கிறோம். அது தண்ணீர் அன்று, மூச்சு. நுரையீரலில் அடைபட்டிருந்த வெப்பக் காற்று பெருவிசையோடு வெளிப்படுகையில், அதிலுள்ள ஈரமும், மூச்சுத்துளையின் மீதிருந்த நீரும் திவலைகளாகச் சிதறித் தெரிகின்றன. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, முப்பதடி வரை உயரும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சோ முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து, குறைந்த உயரத்தில் புதர் போலப் பரவும். உடலைக் காணும் முன்பே இன்னதென்று கூற இவ்வேறுபாடு போதும்.

திமிங்கிலத்தின் அன்றாட நடைமுறை இதுதான்: பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆழத்தில் இருந்து உண்ணும், பின் மேலே வந்து சில நிமிடம் அடுத்தடுத்து மூச்செடுக்கும், இறுதியில் முதுகை உயர வளைத்து, சில வேளை வாலைத் தூக்கிக் காட்டி, மீண்டும் ஆழத்துக்குச் செல்லும். மேலே இருக்கும் அச்சில நிமிடங்களில் அடுத்த முழுக்குக்கு வேண்டிய உயிர்வளியை இரத்தத்திலும் தசையிலும் அது சேமித்தாக வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மீது கருவியை ஒட்டி அதன் இதயத் துடிப்பை அளந்தனர். 2019இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு வரை இறங்கிய துடிப்பு, மேற்பரப்பில் முப்பத்தேழு வரை ஏறியது. ஓய்வாக மிதப்பதாக நமக்குத் தோன்றும் நேரத்தில்தான் அதன் இதயம் மிகக் கடுமையாக உழைக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்று. படகில் செல்லும் நாம் திமிங்கிலத்தின் வாழ்க்கையைக் காண்பதில்லை. அது உண்பதையோ, கன்று ஈனுவதையோ காண்பதில்லை. அது மூச்சு வாங்கும் நேரத்தை மட்டுமே காண்கிறோம். நாம் காணும் நேரமும் அதற்கு இன்றியமையாத நேரமும் ஒன்றே.

துரத்தலும் காத்தலும்

எங்கள் படகோட்டி நெருங்கிச் செல்லவில்லை. நல்ல தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, திமிங்கிலத்தின் பக்கவாட்டில் சிறிது தூரம் சென்று எஞ்சினை நிறுத்திவிட்டார். நான் கைக்கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டேன். அந்த முறை திமிங்கிலம் எட்டு மூச்செடுத்து முழுகியது. பதினோரு நிமிடம் கழித்து எழுந்து ஏழு மூச்செடுத்தது. காற்று எங்கள் பக்கம் வீசியபோது அம்மூச்சின் ஒலி, லாரி டயரிலிருந்து காற்று இறங்குவது போலத் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் முறை அது எழுந்தபோது வேறு இரண்டு படகுகள் முழு வேகத்தில் அதை நோக்கி விரைந்தன. ஒன்று அதன் முன்னே சென்று மறித்தது. மூன்றே மூச்சு, வாலும் தூக்காமல் அது மறைந்துவிட்டது.

எங்கள் படகிலிருந்த ஒருவருக்கு மனக்குறை. “அவங்க கிட்டப் போய்ப் பார்க்கிறாங்க. நாங்களும் காசு கொடுத்துத்தானே வந்தோம்?” என்றார்.

படகோட்டி கோபிக்கவில்லை. “அது மூச்செடுக்க வருது ஐயா. பின்னால ஓடினா முதுகைத்தான் காணலாம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சண்டைக் காலத்தில இந்தக் கடலுக்கு எங்கள விடல்ல, தம்பி. அப்ப இதுகள் நிம்மதியா இருந்திருக்கும்,” என்றார்.

அச்சொற்களை எழுதும்போதும் என் மனம் கனக்கிறது. போரினால் தொழிலிழந்து துன்புற்ற ஒருவர், தம் துன்ப காலத்தைத் திமிங்கிலத்தின் நற்காலமாக எண்ணிப் பார்க்கிறார். அமைதி வந்தபின் அவருக்குப் பிழைப்புக் கிடைத்தது. அந்தப் பிழைப்பே திமிங்கிலத்துக்குத் துன்பமாகிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

எட்டு, ஏழு, மூன்று என்னும் இவ்வெண்களைக் கொண்டு ஒரு முடிவு கூற இயலாது என்பதை நான் அறிவேன். ஒரு நாள், ஒரு விலங்கு. மூன்றாம் முறை வேறு காரணத்தாலும் அது விரைந்து முழுகியிருக்கலாம். ஆனால் படகுகள் நெருங்கும்போது திமிங்கிலங்களும் ஓங்கில்களும் தம் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இலங்கை அரசும் 2012இல் இதற்கென விதிகள் வகுத்தது; திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் படகு நெருங்கலாகாது என்பது அவற்றுள் தலையாயது.

வேட்டையும் காப்பும்

திமிங்கிலத்தைத் துரத்துவது மனிதனுக்குப் புதிதன்று. எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் இருபதாம் நூற்றாண்டில் பல இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 1966இல் நீலத் திமிங்கில வேட்டை உலகெங்கும் தடை செய்யப்பட்டது. எனினும் அந்த 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடல் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்ற செய்தி, 1990களில்தான் வெளிவந்தது. 1979இல் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது.

அப்புகலிடத்தில் என்ன வாழ்கிறது என்று அறியவே, 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்னும் சிறு பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜோனதன் கார்டன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்தனர். திருகோணமலையின் நீலத் திமிங்கிலங்களை உலகம் நன்கறிந்தது அவர்கள் பணியால்தான். அவர்கள் ஒரு விலங்கையும் கொல்லவில்லை. பின்தொடர்ந்தனர், காத்திருந்தனர், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டனர், வாலின் விளிம்பையும் முதுகின் புள்ளிகளையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டனர். பின்னர்ப் போர் மூண்டு அப்பணி தடைப்பட்டது. 2009க்குப் பின்னரே பயணிகள் படகுகள் இக்கடலில் பெருகின.

தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகின் நெருக்கமான கப்பல் வழிகளுள் ஒன்று திமிங்கிலங்கள் உண்ணும் இடத்தின் ஊடே செல்கிறது. கப்பல் மோதி இறப்பவை உண்டு. 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம் தன் கப்பல்களின் பாதையை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே மாற்றிக்கொண்டது. விலகிச் செல்வதும் ஒரு காப்பே என்பதற்கு இது சான்று.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

திமிங்கிலம் காண இலங்கை செல்ல எல்லோருக்கும் இயலாது. செல்ல வேண்டுவதும் இல்லை. மன்னார் வளைகுடாவில் ஓங்கில்கள் உள்ளன. தூத்துக்குடியிலோ பாம்பனிலோ ஒரு காலைப்பொழுது கரையில் அமர்ந்து, எத்தனை முறை எழுகின்றன, எவ்வளவு நேரம் முழுகுகின்றன, படகு வரும்போது என்ன செய்கின்றன என்று குறித்து வரலாம். கைக்கடிகாரமும், குறிப்பேடும், பொறுமையும் தவிர வேறு கருவி வேண்டா. ஒருவர் ஒரு நாள் குறித்தால் அது நாட்குறிப்பு. முப்பது பேர் மூன்றாண்டு குறித்தால் அதுவே ஆய்வு. நம் விலங்கியல் மன்றம் வரும் கல்வியாண்டில் இதை மேற்கொள்ளுமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

படகில் செல்லும் வாய்ப்பு எவருக்கேனும் கிட்டுமாயின், புறப்படும் முன்பே படகோட்டியிடம், “அண்ணே, கிட்டப் போக வேண்டாம், தூர நின்றே பார்க்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். பயணி அவசரப்படுத்தாவிடில் படகோட்டி துரத்த மாட்டார். காசு கொடுத்தவர் நாம் என்றால், அந்தக் காசால் அதன் மூச்சுக்கு நாலு நிமிடம் வாங்கிக் கொடுத்ததாகவும் இருக்கட்டுமே.