அனிமாசிட்டி என்னும் ஆங்கிலச் சொல்லும் தம்மபதத்தின் வேரமும்

தம்மபதத்தை ஆங்கில வாயிலாகப் பயிலும் நம் அன்பர் பலர் முதல் வர்க்கத்தின் ஐந்தாம் காதையில் தயங்கி நிற்கின்றனர். மாக்ஸ் முல்லர் 1881-இல் கீழ்த்திசைப் புனித நூல் வரிசையில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில், அவ்விடத்தில் ‘ஹேட்ரெட்’ என்றும், அதற்கு மாற்றாக ‘லவ்’ என்றும் சொற்கள் காணப்படுகின்றன. “நம் முன்னோரைப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவொட்டாது தடுத்தவரையும் நாம் நேசித்தே தீரவேண்டுமோ?” என்று உபாசகர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆயின் பாலி மூலத்தில் உள்ளவை வேரம், அவேரம் என்னும் சொற்களேயாம். அவேரமாவது வேரமின்மை. அன்பைக் குறிக்க மெத்தா என்னும் தனிச்சொல் பாலியில் உண்டு. அஃது இக்காதையில் வரவில்லை.

வேரம் என்பது வெறும் வெறுப்பன்று. வெறுப்பு ஒருவன் நெஞ்சில் தோன்றி மறையலாம். வேரமோ இருவரிடையே, இரு குடிகளிடையே கட்டுண்டு நிற்பது. பழிக்குப் பழியாக நீள்வது. ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய சொல் ‘அனிமாசிட்டி’ என்பது நம் கருத்து. இதன் இனமான ‘ஹாஸ்டிலிட்டி’ பெரும்பாலும் செயலில் வெளிப்படும் பகைமை. அது பன்மையில் வருங்கால் போர்ச் செயல்களையே குறிக்கும். அவை உடன்படிக்கையால் ஓயும். அனிமாசிட்டி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பின்னும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. இலத்தீனில் மனத்தையும் ஊக்கத்தையும் குறிக்கும் ‘அனிமஸ்’ என்பதன் வழிப்பிறந்த இது, ஆங்கிலத்தில் முதற்கண் துணிவையே குறித்தது. பின்னரே பகைப்பொருள் ஏறிற்று. வேரமும் அத்தகையதே. அதன் வடமொழி வடிவாகிய வைரம், வீரம் என்பதன் மூலத்தினின்றே பிறந்ததென அகராதிகள் காட்டும். பகைவனை வைரி என்பது தமிழ் வழக்கிலும் உண்டு. மரத்தின் உள்வன்மையைக் குறிக்கும் வைரம் வேறு மூலத்தது. ஆயினும் நாட்பட நாட்பட இறுகுதலில் இரண்டும் ஒன்றே! பகையைக் காப்பவன் தன்னை வீரனென்று எண்ணிக்கொள்வதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டன போலும்.

விநய பிடகத்து மகாவக்கத்தில் தீகாவு குமாரன் கதையைக் காண்க. அவன் தந்தையாகிய கோசல மன்னன் தீகீதியையும் தாயையும் காசியரசன் பிரமதத்தன் கொல்வித்தான். கொலைக்களம் செல்லுங்கால் தந்தை, “நெடிது நோக்கற்க, குறிது நோக்கற்க, வேரத்தால் வேரம் தணியாது” என்று அறிவுறுத்தினான். பின்னர்க் காட்டில், தன் மடியில் துயின்ற பிரமதத்தன்மீது தீகாவு மும்முறை வாளுருவி, மும்முறையும் உறையிலிட்டான். நெடிது நோக்காமையாவது வேரத்தை நெடுங்காலம் வைத்துக்கொள்ளாமை. குறிது நோக்காமையாவது நண்பரை விரைந்து முறித்துக்கொள்ளாமை என்று அவனே பொருள் விரித்தான்.

இக்கதையில் தீகாவு அன்பு பாராட்டியதாகக் கூறப்படவில்லை. நிகழ்ந்த கொலையை அவன் மறைக்கவுமில்லை, அரசனிடமே எடுத்துரைத்தான். அவன் தந்தையின் நாடும் அவனுக்கு மீண்டது. ஆகலின், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முறையிடும் நம் சகோதரரை, “நீர் பௌத்தரன்றோ, பகை பாராட்டலாமோ?” என்று கேட்போர், முறையீட்டையும் வேரத்தையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர்.

பகவான் இக்கதையைக் கூறியது கொடுங்கோலர்க்கன்று. தம்முள் கலகமிட்டுப் பிளவுண்ட கோசம்பி பிக்குகளுக்கே. (தேர்தல்தோறும் இரண்டாகும் நம் சங்கங்கள் இதனை நினைக்க.) அவர்கள் செவிசாய்க்கவில்லை. பகவான் அந்நகரை விட்டு நீங்கினார். அப்பொழுது கோசம்பி உபாசகர்கள் அப்பிக்குகளை ஏசவுமில்லை, தாக்கவுமில்லை. வணங்குதலையும் பிச்சையிடுதலையும் நிறுத்திவிட்டனர். பிக்குகள் சாவத்தி சென்று, பகவான் முன்னிலையில் வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.