கூப்பன் வெட்டாத பிரதி: பழைய வீடியோ கேம் இதழ்களைச் சேர்க்கவும் காக்கவும்

பழைய வீடியோ கேம் இதழ்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் வருடத்தில் கிடைத்ததையெல்லாம் வாங்குவார்கள். பீரோ நிறையும், எந்தத் தொகுதியும் முழுமையடையாது. அதனால் ஒரு இதழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று தெரிந்த இதழாக அது இருக்கட்டும். ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினிக்காக இங்கிலாந்தின் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து வந்த ‘கிராஷ்’, 1984 பிப்ரவரியில் தொடங்கி 1992 ஏப்ரலில் 98ஆம் இதழோடு நின்றது. அதே கணினிக்கான ‘யுவர் சின்க்ளேர்’ 1986 ஜனவரி முதல் 1993 செப்டம்பர் வரை 93 இதழ்கள். இவை ஒருவர் முயன்று முடிக்கக்கூடிய எண்ணிக்கைகள். அமெரிக்காவின் ‘நின்டெண்டோ பவர்’ 1988இல் தொடங்கி 2012 டிசம்பர் வரை 285 இதழ்கள் வந்தது. அதை முழுதாகச் சேர்ப்பதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதல் இதழை முதலில் வாங்கவே வாங்காதீர்கள். எல்லோரும் தேடுவது அதைத்தான் என்பதால் விலை எப்போதும் உச்சத்தில் இருக்கும். நடுவிலுள்ள இதழ்களில் கைபழகுங்கள்.

வாங்கும் முன்

அட்டை பளபளப்பாக இருக்கும் பிரதியைவிட உள்ளே முழுமையாக இருக்கும் பிரதியே மேல். என் கணக்கில் இது மாற்ற முடியாத விதி. இந்த இதழ்கள் வெட்டுவதற்கென்றே அச்சிடப்பட்டவை. சந்தா கூப்பன், போட்டிப் படிவம், தபால் வழி ஆட்டக் கேசட் வாங்கும் ஆர்டர் படிவம் எல்லாம் பக்கத்தின் மூலையில் புள்ளிக்கோட்டோடு இருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் கத்தரிக்கோலை எடுத்திருந்தால், கூப்பனுக்குப் பின்பக்கத்தில் இருந்த விமர்சனத்தின் பாதியும் போயிருக்கும். ‘நின்டெண்டோ பவர்’ என்றால் நடுவிலிருக்கும் மடிப்புச் சுவரொட்டியைக் கேளுங்கள்; பாதிக்கு மேற்பட்டவை யாரோ ஒரு பையனின் படுக்கையறைச் சுவருக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொண்டே பேரம் பேசலாம்.

விற்பவரிடம் நடுப்பக்கத்தை விரித்து ஒரு படம் கேளுங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா, தாள் அதிலிருந்து கிழிந்து தொங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பக்க எண்கள் தொடர்ச்சியாக உள்ளனவா என்று கேளுங்கள். 1985இல் ‘கிராஷ்’ தன் போட்டி இதழான ‘சின்க்ளேர் யூசர்’ஐக் கேலி செய்து சில பக்கங்கள் வெளியிட, எதிர்த் தரப்பு நீதிமன்றம் போய், அந்த இதழையே விற்பனையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதை வாங்குகிறவர் அந்தக் கேலிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியாக, வாடையைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். மக்கிய வாடை என்றால் பூசணம். சிகரெட் வாடை என்றால் எத்தனை வருடமானாலும் போகாது.

பத்து இதழ்கள் சேர்ந்தாலே எடை ஏறிவிடும், தபால் செலவு இதழ் விலையைத் தாண்டிவிடும். லண்டனில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், கட்டை மொத்தமாக அவர் வீட்டு முகவரிக்கு வரவழைத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே தட்டையாக வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

வந்தவுடன்

நேரே அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே சேர்த்தவற்றின் பக்கத்தில் வைத்தால், புதிதாக வந்ததோடு ராமபாணப் பூச்சியும் குடியேறும். தனி அறையில், வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் சில நாள் வையுங்கள். தாளில் பொடியோ எச்சமோ விழுந்தால் பூச்சி இருக்கிறது. அப்போது இதழைப் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை முழுதாக அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் பூக்கும். பளபளப்புத் தாளில் களிமண் பூச்சு உண்டு. அது நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பசைபோட்டது போல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

தூசியை மென்மையான தூரிகையால், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். பேனாவால் எழுதிய பெயர், பென்சிலால் போட்ட மதிப்பெண், ஆட்ட வரைபடத்தில் பையன் சேர்த்த அம்புக்குறி, இவற்றையெல்லாம் அழிக்க வேண்டாம். அவை இதழின் வரலாறு. அதற்காக விலையைக் குறைக்கிறவர்களிடமிருந்து சந்தோஷமாக வாங்குவேன்.

1980களின் இறுதியில் அட்டையின்மேல் ஆட்டங்கள் பதிந்த கேசட்டை செல்லோடேப்பால் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் வந்தது. அந்த செல்லோடேப் இப்போது மஞ்சளாகி, பசை கசிந்து, அட்டை மையோடு கலந்திருக்கும். இழுத்தால் மையும் வரும். தின்னரோ பெட்ரோலோ பட்டால் மை கரையும். அப்படியே விட்டுவிடுங்கள். கிழிசலை ஒட்டவும் செல்லோடேப் எடுக்காதீர்கள். மெல்லிய ஜப்பானியத் திசுத்தாளும் மெத்தில் செல்லுலோஸ் பசையும் போதும். பிற்பாடு வேண்டுமானால் தண்ணீர் தொட்டுக் கழற்றலாம். மைதாப் பசை வீட்டில் சுலபமாகக் கிடைக்கும்தான், ஆனால் அது பூச்சிக்கு விருந்து.

ஸ்டேப்ளர் பின் துருவாகப் பொடிந்தால் மட்டும் கழற்றுங்கள். உள்பக்கமிருந்து மெல்லிய தகட்டால் கால்களை நிமிர்த்தி எடுத்து, அதே துளைகள் வழியே பருத்தி நூலால் இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.

உறை, அட்டை, பெட்டி

மலிவான தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் மிச்சமிருக்கும். வெளிச்சமும் சூடும் பட்டால் அதுதான் மஞ்சளாகி, நொறுங்க வைக்கும். இதைத் தடுத்து நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மென்மையான, வாசனை வீசும் பிவிசி உறைகளைத் தொடாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் வேதிப்பொருள் மையை இளக்கும். காமிக்ஸுக்கு விற்கும் உறை பிரிட்டிஷ் இதழுக்குப் பத்தாது, ஏ4 அளவு வேண்டும். பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று. பிறகு பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சாயவிடாமல்.

நம் ஊர்ச் சிக்கல் இதற்குப் பிறகுதான். அமெரிக்கக் கையேடுகள் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் என்கின்றன. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அதைக் கனவு காண வேண்டாம். 65ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூசணத்தைத் தள்ளிப்போடலாம். மலிவான ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்துங்கள். உறையிடும் வேலையை மழை ஓய்ந்த மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கள். மழைக்காலத்தில் உறையிட்டால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டியதாகும். பரண் வேண்டாம், மேலே மொட்டைமாடிச் சூடு இறங்கும். தரையோரத் தட்டும் வேண்டாம், வெள்ளமும் கரையானும் அங்கிருந்துதான் வரும். வெளிச்சுவரை ஒட்டாத, நடுத்தட்டு நல்லது.

அந்துருண்டை போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நான் போடுவதில்லை. வாடை தாளில் தங்கிவிடும், மூடிய அறையில் உடம்புக்கும் ஆகாது. வேப்பிலையும் வசம்பும் வைக்கிறவர்கள் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கட்டும். தாளைத் தொடவிடக் கூடாது, காய்ந்த இலை பொடிந்தால் அதுவே பூச்சிக்கு இடம்.

நகலெடுத்தல்

‘கிராஷ்’, ‘யுவர் சின்க்ளேர்’ இரண்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் திறந்த மின்நூலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட பழைய கேம் இதழ்கள் தேடக் கிடைக்கின்றன. பின் எதற்கு நாமும் ஸ்கேன் செய்ய வேண்டும்? பழைய ஸ்கேன்களில் சில மங்கல், சிலவற்றில் விளம்பரம் விடுபட்டிருக்கும். வெளிவராமலே போன ஆட்டத்தின் விளம்பரம், அன்றைய விலைப்பட்டியல், கடை முகவரி எல்லாம் அந்த விளம்பரங்களில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் விமர்சனங்களைவிட விளம்பரங்களே அரிய ஆவணம்.

கணினித் திரையில் ஏற்கெனவே உள்ள நகலைத் திறந்து உங்கள் பிரதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். விடுபட்டதை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும், முழு இதழையும் ஸ்கேனர்மேல் அழுத்தி முதுகை உடைக்க வேண்டியதில்லை. 600 டிபிஐ, டிஃப் வடிவம். பின்பக்க எழுத்து ஊடுருவாமலிருக்கப் பக்கத்தின் பின்னால் கருப்புத்தாள் வையுங்கள். அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிந்தால் ஸ்கேன் செய்யும்போது சரிசெய்யப் பார்க்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்து, படிப்பதற்கான பிரதியில் மட்டும் திருத்துங்கள். கோப்பின் பெயரில் இதழ், எண், பக்கம் மூன்றும் இருக்கட்டும்.

கேசட்டையும் மறக்காதீர்கள். காந்தநாடா தாளைவிடச் சீக்கிரம் கெடும். நல்ல டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு முதலில் வேவ் கோப்பாகப் பதிவு செய்து, பிறகு ஸ்பெக்ட்ரத்தைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் ஏற்கும் டிஇசட்எக்ஸ் வடிவுக்கு மாற்றுங்கள். எமுலேட்டரில் ஏற்றிப் பாருங்கள். ஆட்டம் தொடங்கினால்தான் பதிவு சரி.

பதிப்புரிமை பெரும்பாலும் இன்னும் யாரிடமோ இருக்கிறது, அதனால் நகலை விற்கக் கூடாது. விடுபட்ட பக்கத்தைப் பொது ஆவணகத்துக்கு அனுப்பும்போது இதழ் எண்ணோடு, உங்கள் பிரதியில் கூப்பன் இருக்கிறதா இல்லையா என்பதையும் குறிப்பிடுங்கள். அடுத்து ஒப்பிடுகிறவருக்கு அது உதவும்.