மானிட்டரில் ஒரு மிருதங்கம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்துவிட்டு மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஏலகிரி வீட்டுக்குப் போனபோது, தாத்தாவின் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றப் போவதாக அப்பா சொன்னார். தாத்தா பஜனையில் வாசித்தது. அவர் விரல் பட்டுத் தேய்ந்த கரணையும் (வலது பக்கத் தோலில் உள்ள கறுப்பு வட்டம்) பழைய தோலோடு போய்விடும். கையில் இருந்தது ஒன்றரை நாள். லேப்டாப்பைத் திறந்தேன்.

நான் பயன்படுத்தியது கிரிட்டா. இதன் சொந்த இணைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இதே புரோகிராமுக்குப் பணம் கேட்கும். அது அவர்களுக்கு நன்கொடை போல. மவுஸ் போதும்.

மிருதங்கத்தை ஜன்னல் அருகே மேஜையில் படுக்க வைத்து, முன்னால் ஒரு ஜோடி ஜால்ரா வைத்தேன். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வந்தால்தான் உருண்டை உருண்டையாகத் தெரியும். எங்கள் மலையில் பனி விலகினால் நிழலே மாறிவிடும், அதனால் நிழலின் ஓரத்தை முதலில் குறித்துக்கொண்டேன்.

பைல் மெனுவில் நியூ கொடுத்து, 2000க்கு 1500 பிக்ஸல் என அமையுங்கள். லேயர்ஸ் பெட்டியின் கீழே உள்ள + குறியில் க்ளிக் செய்தால் புதிய லேயர் கிடைக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பது போலத்தான். பின்னணி, பலாமரக் கட்டை, வார், தோல், கரணை, ஜால்ரா என ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வைத்தேன். வாரில் தவறு செய்தால் கட்டை கெடாது. தோலின் வட்டம் பக்கவாட்டில் முட்டை வடிவாகத் தெரியும். எலிப்ஸ் டூலில் வரையுங்கள். பிறகு எம் கீயைத் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும். கோணல் உடனே கண்ணில் படும்.

நிறத்தில்தான் ஏமாந்தேன். கீழே ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூவுக்குப் பதனிடும் தோலைப் பார்த்துப் பழகிய கண், பழுப்பைத் தேர்ந்தெடுத்தது. மிருதங்கத்தில் இருப்பது பதனிடாத தோல். வெளிர் மஞ்சளும் சாம்பலும்தான் வேண்டும். கல்பொடியும் சோறும் குழைத்துத் தேய்த்த கரணையும் முழுக் கறுப்பு அல்ல. வெளிச்சம் படும் இடம் சாம்பலாக இருக்கும்.

இத்தாலியின் பெர்காமோ நகரைச் சேர்ந்த எவரிஸ்டோ பாஸ்கேனிஸ் (1617-1677), வாத்தியங்களை மேஜையில் பரப்பி வரைந்தே பெயர் பெற்றவர். லூட் என்ற நரம்பு வாத்தியத்தின் முதுகில் படிந்த தூசியையும், அதில் விரல் இழுத்த கோட்டையும் கூட விடவில்லை. அதை நினைத்துத்தான் கரணையில் தாத்தாவின் விரல் தேய்த்த பள்ளத்துக்கே ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன்.

அன்றிரவு தங்கைக்கு அனுப்ப ஜேபெக் பைலாக சேவ் செய்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்து மூடிவிட்டேன். காலையில் திறந்தால் எல்லா லேயரும் ஒட்டி ஒன்றாகிவிட்டன! வாரைத் திருத்த அழித்தால் கட்டையும் சேர்ந்து அழிகிறது. நீங்கள் முதலில் .கேஆர்ஏ பைலாக சேவ் செய்யுங்கள். அனுப்புவதற்கு மட்டும் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுங்கள்.

புதிய பைலில் மறுபடி தொடங்கினேன், இந்த முறை கரணையிலிருந்து. அது முடிந்தது. வார்களில் பாதி போட்டபோது அப்பா மிருதங்கத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.