மழைக்காலச் சளி, காய்ச்சல்: வீட்டில் எதைப் பார்க்கலாம், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?



ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், முடிச்சூர் பக்கமெல்லாம் இருமல் சத்தம்தான். ஃபஜ்ரு தொழுகையில் ஒரு ஸஃப்புக்கு நாலு பேராவது இருமுகிறார்கள். "மழையில நனைஞ்சது, தானா போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியே போய்விடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். போகாத சில காய்ச்சல்களைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

ஃபுளூ என்ற இன்ஃப்ளுயன்ஸா எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஸ்ரீநகரில் அது கடுங்குளிர் மாதங்களில் உச்சத்துக்குப் போகிறது. நம் சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து, அக்டோபர், நவம்பரில் கூடுகிறது. மற்ற மாதங்களில் வராது என்றும் இல்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது, தமிழகம் முழுவதும் ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன.

மழைத் தண்ணீரில் ஃபுளூ கிருமி இல்லை. மழை பெய்தால் நாம் ஜன்னலைச் சாத்துகிறோம், ஈரத் துணியை உள்ளே காயப்போடுகிறோம், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம். ஒருவர் இருமிய காற்றையே மற்றவர்களும் சுவாசிக்கிறோம். காரணம் அதுதான். இது நம் ஊருக்குப் புதிய பாடமும் அல்ல. 1928ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது, நல்ல காற்றும் வெளிச்சமும் ஓய்வும் உணவுமே முக்கிய சிகிச்சை. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. ரயில் நிலையத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். தினமும் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு போகிற நாம், வீட்டில் எதிரெதிர் ஜன்னல் இரண்டைக் கொஞ்ச நேரமாவது திறந்து வைக்க யோசிக்கிறோம். சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்துத் திறந்தால் போதும்.

சாதாரணச் சளி மூக்கில் ஆரம்பித்து மெதுவாக வரும். ஃபுளூ அப்படியல்ல. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வந்து படுப்பார். கடும் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் சேர்ந்து வரும். இந்தப் பருவத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடவே வருவதுதான் நமக்குள்ள சிக்கல். மூக்கு ஒழுகாமல், இருமல் இல்லாமல், கண்ணுக்குப் பின்னால் வலியோடு காய்ச்சல் அடித்தால் டெங்கு சந்தேகம் வர வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் போல வெள்ளம் தேங்கும் இடங்களில் தண்ணீரில் நடந்தவர்கள், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை அவர் யோசிக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.

என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை அவை கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

மருந்துக் கடையில் "சளிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மில் பல வீடுகளில் இருக்கிறது. அந்தச் செட்டில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாள் சுகமானது மாத்திரையால் என்று நினைக்கிறோம். அது எப்படியும் சுகமாகியிருக்கும். நஷ்டம் பிறகு தெரியும். நிஜமாகவே நிமோனியா வரும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகலாம். ஃபுளூவுக்கென்று ஓசெல்டமிவிர் என்ற தனி மருந்து உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதில் நல்ல பலன். அதனால் சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் "இரண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் தாய்மார்கள் ஒன்றை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், எழுப்பினால் எழாமல் கிடந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். இரவு மணி இரண்டு என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கைவைத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுக்கு, மிளகுக் கஷாயமும் கற்பூரவள்ளிச் சாறும் தொண்டைக்கு இதம்தான். இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் நரம்பைத் தாக்கும். தஹ்னீக் கொடுப்பவர்களும் தேனைத் தவிர்த்துவிடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தை வைத்துப் பிள்ளைக்கு ஆவி பிடிப்பதும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும்.

வயதானவர்களுக்கு ஃபுளூ வந்தால் காய்ச்சல் அதிகம் தெரியாமலே இருக்கலாம். சாப்பாடு இறங்காமல், பேச்சு தடுமாறி, எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தால் "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருந்தால், 94க்குக் கீழே போனதும் மருத்துவமனைதான்.

பள்ளிவாசல் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபுளூ வந்தவர், உடம்புக்கு முடியாமல் போவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரப்பத் தொடங்குகிறார். பிறகு ஐந்தாறு நாள் வரை பரப்புவார். நோயாளிக்கு ஜுமுஆவில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததுதான். காய்ச்சலோடு வந்து, பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட வீட்டில் லுஹர் தொழுவது மேல். தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. மக்தபில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் பழகிக்கொள்வார்கள். தும்மிய கையோடு முஸாஃபஹா செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒளுவில் கை கழுவுகிறோமே என்றால், சோப்பு போட்டால்தான் வைரஸ் சரியாகப் போகும். ஒளு செய்யும் இடத்தில் ஒரு சோப்பு வைக்கப் பெரிய செலவு இல்லை.

ஃபுளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது, ஏனெனில் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் மழை ஆரம்பிக்கும் முன்பே போடுவது நல்லது. தவறியிருந்தால் இப்போதும் போடலாம். ஹஜ் பயணிகளில் முதியோருக்கு இந்த ஊசி போடப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஊருக்குள்ளேயே இருக்கும் முதியோருக்கும் தேவை அதேதான். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் சேர்ந்து பெற்றோருக்குப் போட்டுவிடலாம்.

சளி போய் இருமல் மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், இன்னொரு பாட்டில் சிரப் வாங்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் இருந்தால் அன்றே போக வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் நேரம் என்று இருமலை மறைக்கிற குடும்பங்கள் உண்டு. மருந்தைத் தவறாமல் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து அது பரவுவது நின்றுவிடும். ஆறு மாதத்தில் சுகமும் ஆகிவிடும், இன்ஷா அல்லாஹ். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும்.